மலை ரயிலுக்குப் புது இன்ஜின் எங்கே கிடைக்கும்?

திருப்பூர்க்காரர்களுக்கு நீராவி பழங்கதை இல்லை. சாயப்பட்டறை பாய்லர், காம்பாக்டிங் மெஷின், அயர்ன் டேபிள் என்று தினமும் அதோடுதான் பிழைப்பு. ஆனால் அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயிலில் ஏறினால், பின்னாலிருந்து தள்ளும் இன்ஜினை மட்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து என்று பேசிக்கொள்வார்கள். அவற்றில் சில, 2010-க்குப் பிறகு திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் புதிதாகச் செய்தவை.

பழையவை 'எக்ஸ்' வகை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். நிறுவனம் இந்தத் தடத்துக்கென்றே வடிவமைத்தது. கடைசி ஐந்து வந்தது 1952-இல். அந்த நிறுவனம் இப்போது இல்லை. உதிரிபாகம் கடையில் வாங்குகிற சமாச்சாரமும் இல்லை. கொதிகலன் தேய்ந்தால் ஒட்டுப்போட்டு எத்தனை காலம் ஓட்டுவது? 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான ரயிலை நீராவி இல்லாமல் ஓட்டுவதும் அழகில்லை.

சாதாரண நீராவி இன்ஜின் இங்கே உதவாது. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அதனால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன. ஒன்றின் பல் வரும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும். ஆக, ஏதாவது ஒரு பல்லிலாவது இன்ஜினின் பற்சக்கரம் எப்போதும் பிடித்திருக்கும்.

இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். கீழ் இரண்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அங்கே வேலை முடித்த நீராவியை வீணாக்காமல் மேல் இரண்டுக்கும் அனுப்புவார்கள். அவை பற்சக்கரத்தைச் சுழற்றும். சமதளத்தில் மேல் சிலிண்டர்களுக்கு ஓய்வு. ஏற்றத்தில் கொதிகலனே சாய்ந்து நிற்கும், உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும். நெருப்புப் பெட்டியின் கூரை தண்ணீருக்கு மேலே தெரிந்துவிட்டால் தகடு சூட்டில் இளகி ஆபத்து. தரையில் பதித்த சாயப்பட்டறை பாய்லருக்குச் சாய்வதால் வரும் இந்தக் கவலை கிடையாது.

புது இன்ஜினுக்குச் செலவு கூடுவது எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான். ஒரே டிசைனில் லட்சம் பீஸ் தைப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு சிலிண்டர் வார்க்க பேட்டர்ன் செய்யவேண்டும். சில வார்ப்புகளுக்குமேல் அது தேவைப்படாது. பொன்மலை முதலில் எண்ணெயில் எரியும் நான்கு நீராவி இன்ஜின்களைக் கட்டியது. 2021-இல் நிலக்கரி இன்ஜினையும் வெளியே விட்டது. எண்ணெயில் சாம்பல் அள்ளும் வேலை இல்லை, வறண்ட காட்டில் தீப்பொறி பயமும் குறைவு. கரியை விரும்புகிறவர்கள் பாரம்பரியத்தின் பெயரால்தான் விரும்புகிறார்கள். வேலை செய்பவர்களைக் கேட்டால் எண்ணெய் என்றே சொல்வார்கள் என்பது என் கணிப்பு.

இந்தியக் கணக்கில் ஊட்டித் தடம் மீட்டர்கேஜ்; உலகக் கணக்கில் 1,435 மில்லிமீட்டருக்குக் குறைந்ததெல்லாம் குறுகிய தடம்தான். அந்த உலகில் பொன்மலை தனியாள் இல்லை. வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில்வே தன் பாஸ்டன் லாட்ஜ் பணிமனையில் 1992-இல் புது நீராவி இன்ஜின் கட்டியது. அதே ஆண்டு, அப்போது இயங்கிக்கொண்டிருந்த எஸ்.எல்.எம். நிறுவனமும் சுவிஸ் மலைத் தடமான பிரியன்ஸ் ரோட்ஹார்னுக்கு எண்ணெயில் எரியும் புது இன்ஜின் செய்து கொடுத்தது.

இன்ஜினைப் பார்க்க நினைப்பவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதே சரி. குன்னூருக்கு மேல் பல்பட்டை கிடையாது, அங்கிருந்து ஊட்டிக்கு வழக்கமாக டீசல் இன்ஜின்தான்.