92 வெள்ளி 40 காசு வளையல்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மாலை மகளை அழைத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியாவுக்குப் போயிருந்தேன். சேலைக் கடைகளில் கூட்டம், பக்கத்து லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தை. கால் வைக்க இடமில்லை. ஒரு வளையல் கடையில் மகள் மூன்று செட் எடுத்தாள். ஒரு செட் 3 வெள்ளி 80 காசு. 20 வெள்ளித் தாளை அவள் கையில் கொடுத்து, "மிச்சத்தைப் பார்த்து வாங்கும்மா" என்றேன்.

"நாலு வெள்ளின்னா மூணுக்குப் பன்னண்டு. இருபது இருபது காசா அறுபது காசு கொறையும். 11 வெள்ளி 40 காசு. மிச்சம் 8 வெள்ளி 60 காசு வரணும்பா."

கடைக்கார அக்கா கால்குலேட்டரைக் கையில் எடுப்பதற்குள் சொல்லிவிட்டாள். எனக்கு ஆச்சரியம். காரணம், நான்காம் ஆண்டில் படிக்கும் இவளுக்குக் கணக்குதான் பெரிய தலைவலி. "இவளுக்குக் கணக்கு வராது சார்" என்று டியூஷன் ஆசிரியர் ஒருவர் சொல்லியிருந்தார். நானும் பாதி நம்பிவிட்டேன்.

அன்றிரவு வீட்டில் அதே கணக்கை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தேன்: 3.80 × 3. அவள் எழுதிய விடை 92.40. மூன்றையும் எட்டையும் பெருக்கி வந்த 24ஐ அப்படியே கீழே எழுதி, பக்கத்தில் 9ஐப் போட்டு, இரண்டு இடம் தள்ளிப் புள்ளி வைத்திருக்கிறாள். "சரியா?" என்றேன். "சரிதான்பா, புள்ளி சரியான எடத்துலதான் இருக்கு" என்றாள்.

மாலையில் 11 வெள்ளி 40 காசுக்கு வாங்கிய வளையல், இரவில் 92 வெள்ளி 40 காசு ஆகிவிட்டது. அது அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. என்னை உலுக்கியது அதுதான்.

தெருவில் ஒரு கணக்கு, பள்ளியில் ஒரு கணக்கு

இது என் மகளின் கதை மட்டுமல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை தெரசின்யா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் கவனித்து, 1985இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். வாடிக்கையாளர்போலப் போய்க் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டுக்குப் பிள்ளைகள் சரியான விடை சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது அது 37 விழுக்காடாகச் சரிந்தது.

ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய்க்கு எவ்வளவு? 35க்குப் பின்னால் ஒரு பூச்சியம் போடச் சொல்லும் பள்ளி. தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுப் பையனோ மூன்று தேங்காய் 105 என்று தொடங்கி, மூன்று மூன்றாகக் கூட்டி, கடைசியில் ஒரு 35ஐச் சேர்த்து 350 என்றான். சுற்று வழிதான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் மற்ற ஆய்வாளர்களும் கொல்கத்தா, டில்லி சந்தைகளில் செய்த ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. இரண்டையும் இணைக்க யாராவது பாலம் போட வேண்டும்.

பாலம் போடுவது எப்படி?

கல்வி உளவியலின் மூன்று பெரிய பெயர்கள் இங்கே உதவுகின்றன. சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே, சுமார் 7 வயது முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் கண்ணால் காணும், கையால் தொடும் பொருள்களை வைத்தே தெளிவாகச் சிந்திக்கிறார்கள் என்றார். வயது எல்லை பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்று பின்னாளில் தெரிந்தாலும், பொருளில்லாத குறியீடு இந்த வயதில் எளிதில் ஒட்டாது என்பது ஆசிரியர்கள் அன்றாடம் காணும் உண்மை.

அமெரிக்கரான ஜெரோம் புரூனர் கற்றலை மூன்று படியாகச் சொன்னார்: முதலில் கையால் செய்வது, பிறகு படமாகப் பார்ப்பது, பிறகு குறியீடாக எழுதுவது. என் மகளுக்கு முதல் படி மஸ்ஜித் இந்தியாவிலேயே கிடைத்துவிட்டது. நாங்களோ நடுப்படியை விட்டுவிட்டு மூன்றாவது படியில் ஏறச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தோம்.

பியாஜே பிறந்த அதே 1896ஆம் ஆண்டில் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர் லெவ் வைகாட்ஸ்கி. ஒரு பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும் பிறர் உதவியோடு செய்ய முடிவதற்கும் இடையில் உள்ள வெளியில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார் அவர். தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் சலிப்பு. எட்டாததைக் கொடுத்தால் பயம்.

உண்டியலை உடைத்தோம்

மறுநாள் பயிற்சித் தாள்களை எடுத்து வைத்துவிட்டு உண்டியலைத் திறந்தோம். மூன்று ஒரு வெள்ளித் தாள்கள், எட்டுப் பத்துக் காசு நாணயங்கள்; இப்படி மூன்று குவியல். நாணயங்களை மட்டும் எண்ணச் சொன்னேன். 24 வந்தது. "பத்து நாணயத்துக்கு ஒரு வெள்ளித் தாள் மாத்திக்கோ" என்றேன். 20 நாணயங்களைக் கொடுத்து இரண்டு தாள்களை வாங்கிக்கொண்டாள். மிச்சம் நான்கு நாணயம். தாள்கள் ஒன்பதும் இரண்டும் பதினொன்று.

பிறகு அதையே தாளில் வட்டமும் கட்டமுமாக வரைந்தாள். அதற்குப் பிறகுதான் எண்களை எழுதினோம். 24இல் 4ஐக் கீழே எழுதி, 2ஐ மேலே கொண்டு போகும்போது நிமிர்ந்து பார்த்து, "இது அந்த ரெண்டு வெள்ளியாப்பா?" என்றாள். பள்ளியில் பல முறை கேட்ட 'மீதி 2'க்கு அன்றுதான் அவளுக்குப் பொருள் கிடைத்தது.

கடைக் கணக்கு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 3.80ஐ 47ஆல் பெருக்க விரல் போதாது; பின்னம், இயற்கணிதம் என்று போகும்போது குறியீடுதான் கைகொடுக்கும். ஆனால் அந்தக் குறியீட்டுக்கு அடியில் ஒரு வளையலோ நாணயமோ இருக்க வேண்டும்.

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு எடுக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீட்டுக்கு முக்கியத்துவம் வந்தது. அறிக்கையில் உள்ள எண்ணைப் பார்த்ததும் "ஏன் குறைந்தது?" என்று கேட்கத்தான் வாய் வருகிறது. "இந்த விடை எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். தவறான விடைக்குப் பின்னாலும் பிள்ளையிடம் ஒரு காரணம் இருக்கும். திருத்த வேண்டியது அங்கேதான்.

போன வாரம் மகளின் நோட்டைப் புரட்டினேன். 4.75 × 6 என்ற கணக்குக்குப் பக்கத்தில், பென்சிலில் சின்னதாக எழுதியிருந்தாள்: '30க்குக் குறையணும்.' கீழே விடை 28.50.