சர்க்யூட்டைப் பார்த்துச் செய்தால் குற்றமா?

இரண்டு சிம் போடும் செல்போன் யாருடைய சொத்து என்ற சண்டை தேனாம்பேட்டையில்தான் முடிந்தது. மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார் 2002இல் விண்ணப்பித்து 2008இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சுங்கத் துறையிடம் அதைக் காட்டி, இறக்குமதியாகி வந்த இரட்டை சிம் போன்களைத் தடுக்க வைத்தார். ஸ்பைஸ், சாம்சங் நிறுவனங்கள் எதிர்த்து வழக்காட, அங்கே அண்ணா சாலை குணா காம்ப்ளக்ஸில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012இல் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. முத்திரை குத்திய காப்புரிமையும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல.

ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, மயிலாப்பூர் மொட்டை மாடி அறையில் சால்டரிங் செய்யும் இளைஞருக்கு இதில் என்ன? அவர் போர்டின்மேல் ஒன்றல்ல, பல சட்டங்கள் படுத்திருக்கின்றன. சர்க்யூட் வரைபடம் பதிப்புரிமைக்கு உட்பட்ட ஓவியம் மாதிரி. அதை நகலெடுத்து விற்றால் தவறு. ஆனால் அந்தத் தொழில்நுட்பப் படத்தைப் பார்த்து ஒரு கருவியின் வெறும் செயல்பாட்டுப் பாகத்தைச் செய்வது மீறலாகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே 2012 திருத்தத்தில் சொல்லிவிட்டது. காப்புரிமை பெற்ற சர்க்யூட்டாக இருந்தாலும், பரிசோதனைக்கோ மாணவர்களுக்குக் கற்பிக்கவோ செய்துபார்க்க காப்புரிமைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்க ஆரம்பித்தால் அந்த இடம் போச்சு; நண்பருக்கு அடக்க விலையில் கொடுத்தாலும் விற்பனைதான். சிப்பின் உள் அமைப்புக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் 10 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. வீட்டில் சிப் வார்ப்பவர் யாருமில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

உண்மையான கண்ணி ஃபர்ம்வேரில் இருக்கிறது. ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று கவனிக்கலாம், சோதிக்கலாம். அதன் நிரலை அப்படியே உருவி உங்கள் போர்டில் ஏற்றி விற்றால், அது பதிப்புரிமை மீறல். இன்னொரு கண்ணி பெயர். ஆர்டுயினோ போர்டின் வரைபடம் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, அதே மாதிரி செய்யலாம். ஆனால் 'ஆர்டுயினோ' என்று அச்சடிக்கக் கூடாது, அது வணிகச் சின்னம். ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசஸர் வடிவமைப்பும் திறந்ததுதான். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் அழிக்காதீர்கள். திறந்தது என்றால் நிபந்தனையே இல்லை என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள் என்பது என் கணிப்பு.

காப்புரிமையை மீறினீர்கள் என்று நோட்டீஸ் வந்தால்? முதலில் காப்புரிமை எண்ணைக் கேளுங்கள். அது உயிரோடிருக்கிறதா, எந்தக் கூறுக்கு உரிமை கோருகிறது என்று காப்புரிமை அலுவலகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆதாரமில்லாமல் வழக்கு போடுவேன் என்று மிரட்டினால், காப்புரிமைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி நீங்களே நீதிமன்றம் போய்த் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். தேனாம்பேட்டை வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால் ரத்து மனு இப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். இன்னும் வழங்கப்படாத விண்ணப்பம் என்றால் செலவு அவ்வளவு இல்லை: அது வெளியான பிறகு யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் தரலாம்; 2024 வரை இலவசமாக இருந்த அதற்கு இப்போது கட்டணம் உண்டு.

உங்கள் சர்க்யூட்டே புதிது என்றால் யூடியூபில் போடுவதற்கு முன் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விவரக் குறிப்பு போதும். முழு விவரம் தர 12 மாதம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.