பிசினஸ்மேனா, ஆன்ட்ரப்ரனரா? வேலையை விடுறதுக்கு முன்னாடி பாருங்க

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் போன மாசம் ஆபீசுக்கு வந்தார். "சார், வேலையை விட்டுட்டு ஆன்ட்ரப்ரனர் ஆகப் போறேன்." என்ன பிளான்னு கேட்டேன். ஆவடியில ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ். அதுக்கு 8 லட்சம் பர்சனல் லோன்.

அது பிசினஸ். நல்ல பிசினஸாவும் இருக்கலாம். ஆனா ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சா கணக்கு தப்பிடும்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மளிகைக் கடைகள்ல ஷாம்பு பாக்கெட் சரம் சரமா தொங்குது இல்லையா? அதை வாங்கி விக்கிறவர் பிசினஸ்மேன். ஷாம்புன்னா பாட்டில்தான்னு இருந்த காலத்துல, சின்ன பாக்கெட்ல போட்டா எல்லாரும் வாங்குவாங்கன்னு நம்பினவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-ல 15,000 ரூபாய் முதலீட்டுல 'சிக்' ஷாம்பு ஆரம்பிச்சார். பேர் அப்பா பேர்ல இருந்து எடுத்ததுதான். கிராமத்துக்குப் போய் தலைக்குப் போட்டுக் காட்டியே வித்தாங்க. எந்த கம்பெனி பாக்கெட்டா இருந்தாலும் அஞ்சு காலி கவர் கொடுத்தா ஒரு சிக் இலவசம்னாங்க. பிறகு சிக் கவருக்கு மட்டும்னு மாத்திட்டாங்க! இன்னிக்கு அதுதான் கெவின்கேர்.

வாங்க ஆள் இருக்கான்னே தெரியாத இடத்துல காசு போடுறவர்தான் ஆன்ட்ரப்ரனர், தமிழ்ல தொழில்முனைவோர். (பிரெஞ்சுல இந்த வார்த்தைக்கு கட்டட கான்ட்ராக்டர்னும் அர்த்தம் உண்டு. ரொம்ப பில்டப் வேணாம்.)

இப்போ பணத்துக்கு வருவோம். டீக்கடைன்னா வாடகை, பால் செலவு, ஒரு நாள் வியாபாரம் எல்லாம் பக்கத்துக் கடையைப் பார்த்தே ஓரளவு தெரியும். அதை வச்சு கடன் கேட்கலாம். முத்ராவில 10 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாமலே கிடைக்கும். புது ஐடியாவுக்கு அப்படிப் பார்க்க பக்கத்துக் கடையே கிடையாது. வருமானம் வர வருஷக்கணக்காகலாம், ஆனா ஈ.எம்.ஐ. அடுத்த மாசமே வந்துடும். அதனால அங்கே போடுறது சேமிப்பா இருக்கணும், இல்லைன்னா நஷ்டத்துல பங்கெடுக்கிற முதலீட்டாளர் பணமா இருக்கணும். பர்சனல் லோன் கூடவே கூடாது.

பிரைவேட் லிமிடெட் போட்டா தப்பிச்சிடலாம்னு சிலர் நினைக்கிறாங்க. புது கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது பேங்க் பெரும்பாலும் டைரக்டரோட சொந்த ஜாமீனையும் கேட்கும். தனி உரிமையாளரா நடத்தினா கேட்கவே வேணாம், கடன் முழுக்க உங்க தலையிலதான்.

அந்தத் தம்பிகிட்ட, லோன் பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, கடை வரப்போற தெருவுல ஒரு வாரம் உட்கார்ந்து பக்கத்துக் கடையில எத்தனை டீ ஓடுதுன்னு எண்ணிட்டு வரச் சொன்னேன். மூணாவது நாளே போன் பண்ணி, "சார், வாடகையைக் கொஞ்சம் குறைச்சுப் பேசிட்டு வரேன்"ன்னார்.