ஊசி முனையில் நம்பிக்கை

முதலில் தயங்கினார்கள். பிறகு முண்டியடித்தார்கள். அப்புறம் மறந்தார்கள். கடைசியில் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். கோவிட் தடுப்பூசி பற்றிய மக்களின் மனநிலை மாறிக்கொண்டே வந்ததில் அரசியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

2021 மே மாதக் கடைசி. உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் ஒரு கிராமம். தடுப்பூசியோடு வந்த சுகாதாரக் குழுவைக் கண்டதும் ஜனங்கள் ஓட்டம் பிடித்தார்கள். ஆற்றங்கரைவரை ஓடியவர்களில் சிலர் சரயு நதியில் குதித்தே விட்டார்கள். அதிகாரிகள் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு 14 பேர் ஊசிக்குக் கை நீட்டினார்கள். அதே நாட்களில் டெல்லியிலும் பெங்களூரிலும் இளைஞர்கள் 'கோவின்' இணையதளத்தின் முன் தவம் கிடந்தார்கள். பதிவு திறந்த சில நொடிகளில் இடங்கள் தீர்ந்தன.

கிராமத்தில் அறியாமை, நகரத்தில் அறிவு என்று கணக்கை முடித்துவிடலாம். ஆனால் அது தப்புக் கணக்கு. ஏனென்றால் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் தயங்கியவர்கள் படிக்காதவர்கள் அல்ல, டாக்டர்கள். 2021 ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அன்றே டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் பயிற்சி டாக்டர்கள் தங்கள் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள்: கோவேக்சின் வேண்டாம், கோவிஷீல்டு கொடுங்கள்.

காரணம் எளிமையானது. ஜனவரி 3 அன்று இரண்டு ஊசிகளுக்கும் ஒன்றாக அனுமதி கிடைத்தது. ஆனால் கோவேக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவுகள் அப்போது வந்திருக்கவில்லை. 'மருத்துவப் பரிசோதனை முறையில்' போடலாம் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். போட்டுக்கொள்பவரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவமே, ஊசியின் செயல்திறன் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று சொன்னது. அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரோ, இரண்டுமே 110 சதவீதம் பாதுகாப்பானவை என்றார். நூற்றுக்கு நூறு என்றிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். அந்த அதிகப்படி பத்துதான் உறுத்தியது.

கட்சிக்கு ஒரு ஊசி

விஞ்ஞானம் பதில் சொல்லவேண்டிய இடத்தில் அரசியல் பேச ஆரம்பித்தது. பா.ஜ.க.வின் தடுப்பூசியைத் தான் போட்டுக்கொள்ளப் போவதில்லை என்றார் சமாஜ்வாதி தலைவர் அகிலேஷ் யாதவ். காங்கிரஸ் ஆண்ட சத்தீஸ்கரின் சுகாதார அமைச்சர், பரிசோதனை முடியும்வரை கோவேக்சினை அனுப்பவேண்டாம் என்று மத்திய அரசுக்கு எழுதினார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டவரின் கட்சியைப் பார்த்து, மறுபக்கம் அதைத் தேசத் துரோகமாக்கியது. நியாயமான சந்தேகத்துக்கும் வெறும் எதிர்ப்புக்கும் இடையிலான கோடு அப்போதே அழிந்துபோனது.

மார்ச் 1 அன்று பிரதமர் நரேந்திர மோடி எய்ம்ஸில் கோவேக்சின் போட்டுக்கொண்டார். அந்தப் படம் ஆயிரம் விளம்பரங்களுக்குச் சமம். ஆனால் அதிலும் தோளில் கிடந்த அசாம் துண்டையும், அருகில் நின்ற புதுச்சேரி, கேரள நர்சுகளையும் பார்த்துத் தேர்தல் கணக்குப் போட்டார்கள் சிலர். இடைக்காலப் பரிசோதனை முடிவு இரண்டு நாள் கழித்து வந்தது. ஜூன் மாதம் முலாயம் சிங் போட்டுக்கொண்ட பிறகு அகிலேஷும் மனம் மாறினார். இது 'இந்திய அரசின் தடுப்பூசி' என்பது அவர் தந்த விளக்கம்.

காரில் முகக்கவசம், கூட்டத்தில் கைதட்டல்

ஊசியில் இப்படியென்றால், முன்னெச்சரிக்கை விதிகளில் இன்னும் மோசம். 2021 ஏப்ரல் 7 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், காரில் தனியாகப் போனாலும் முகக்கவசம் கட்டாயம் என்றது. அதே மாதம் ஹரித்வார் கும்பமேளாவில் லட்சக்கணக்கானவர்கள் நீராடினார்கள். ஏப்ரல் 17 அன்று, தினசரித் தொற்று 2 லட்சத்தைத் தாண்டியிருந்த வேளையில், மேற்கு வங்கத்தின் அசன்சோலில் திரண்ட கூட்டத்தைப் பார்த்துப் பிரதமர் பூரித்துப் பேசினார். மற்றக் கட்சிகளின் கூட்டங்களிலும் இடைவெளி இருந்ததாகச் சொல்லமுடியாது. பொறுமை இழந்த சென்னை உயர் நீதிமன்றம், தேர்தல் ஆணையத்தின் மீது கொலை வழக்கே போடலாம் என்று ஏப்ரல் 26 அன்று வாய்மொழியாகச் சாடியது.

தனியாகக் கார் ஓட்டுபவனுக்கு அபராதம், கூட்டம் கூட்டுபவருக்குக் கைதட்டல் என்றால் ஜனங்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? விதி நோய்க்காக அல்ல, போலீசுக்காக என்ற முடிவுக்குத்தான்.

தமிழ்நாட்டில் வேறொரு அதிர்ச்சி. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ம் தேதி இறந்தார். ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம், ஊசியல்ல என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு அதை உறுதி செய்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. வதந்திக்கு ஆறு மாதம் தேவைப்படவில்லை. ஆறு மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பயம் போய்ப் பற்றாக்குறை

இரண்டாவது அலை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தவர்களுக்கு ஊசி மீது சந்தேகம் எழவில்லை. கிடைக்கவில்லையே என்ற கோபம்தான் எழுந்தது. மே 1 முதல் 18 வயதானவர்களுக்கும் ஊசி என்று அறிவித்த மத்திய அரசு, அதை வாங்கும் பொறுப்பை மாநிலங்கள் தலையிலும் தனியார் தலையிலும் கட்டியது. மத்திய அரசுக்கு ரூ.150-க்குக் கிடைத்த கோவிஷீல்டு, மாநிலங்களுக்கு ரூ.300, தனியார் மருத்துவமனைக்கு ரூ.600. கோவேக்சின் தனியாருக்கு ரூ.1,200. வெளிநாடுகளுக்கு 6 கோடி டோஸுக்கு மேல் அனுப்பியது ஏன் என்று சுவரொட்டி ஒட்டியதற்காக டெல்லியில் பலர் கைது செய்யப்பட்டார்கள்.

18 முதல் 44 வயதுவரை உள்ளவர்களைக் காசு கொடுக்க வைக்கும் கொள்கை மேலோட்டமாகப் பார்த்தாலே தன்னிச்சையானது, அறிவுக்கு ஒவ்வாதது என்று மே 31 உத்தரவில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூன் 7 அன்று மோடி தொலைக்காட்சியில் தோன்றி, எல்லோருக்கும் இலவசம் என்றார். புதிய ஏற்பாடு தொடங்கிய ஜூன் 21 அன்று மட்டும் 80 லட்சம் டோஸுக்கு மேல் போட்டார்கள். பிரதமரின் பிறந்த நாளான செப்டம்பர் 17 அன்று 2.5 கோடி. 2022 ஜூலையில் மொத்தம் 200 கோடி.

இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. வெயிலில் ஐஸ் பெட்டியைச் சுமந்து நடந்த நர்சுகளும் ஆஷா ஊழியர்களும் செய்த வேலை இது. முதல் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 42 லட்சம் உயிர்கள் தடுப்பூசியால் காப்பாற்றப்பட்டதாக லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் மதிப்பிட்டார்கள். ஆனால் சான்றிதழில் இருந்தது அந்த நர்சின் படமல்ல, பிரதமரின் படம். மேற்கு வங்கம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் முதல்வர்களும் சளைக்கவில்லை. மாநிலம் வாங்கிய ஊசிக்குத் தங்கள் படத்தைப் போட்டுக்கொண்டார்கள்.

கட்டாயமா, விருப்பமா?

நம்பிக்கைக்கு விழுந்த அடுத்த அடி, கட்டாயம். காகிதத்தில் ஊசி எப்போதுமே 'விருப்பத்தின் பேரில்'தான். ஆனால் 2021 ஆகஸ்டிலிருந்து மும்பை மின்சார ரயிலில் ஏற இரண்டு ஊசி வேண்டும். ஔரங்காபாத்தில் ரேஷனுக்கும் பெட்ரோலுக்கும் சான்றிதழ் வேண்டும். நீலகிரியில் டாஸ்மாக் சரக்குக்கும் வேண்டும். 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறில்லை, ஆனால் யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது, பக்கவிளைவு விவரங்களை வெளியிட வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில், ஊசிக்குப் பிறகு மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில் மத்திய அரசு தாக்கல் செய்த பதில், ஊசி விருப்பத்தின் பேரில் போடப்பட்டது, எனவே இழப்பீட்டுக்கு அரசு பொறுப்பல்ல, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது. ரயில் நிலையத்தில் கட்டாயம், நீதிமன்றத்தில் விருப்பம். ஊருக்காக ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன அரசு, அரிதாக நேரும் பாதிப்பை மட்டும் அவரவர் தலைவிதி ஆக்கியது. பிரிட்டனில் இதற்கென்றே 1979-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது.

அலை ஓய்ந்தது, ஆர்வமும் ஓய்ந்தது. இரண்டாவது டோஸ் போட்டவர்கள் சுமார் 95 கோடி. முன்னெச்சரிக்கை டோஸ் சுமார் 22 கோடியோடு நின்றது. 75 நாட்கள் இலவசம் என்று கூவி அழைத்தும் கூட்டமில்லை.

வதந்தியின் அறுவடை

2024 ஏப்ரல் இறுதியில், மக்களவைத் தேர்தல் நடுவே அடுத்த சுற்று தொடங்கியது. மிக அரிதாக ரத்தம் உறைதல் ஏற்படலாம் என்று அஸ்ட்ராஜெனிகா பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி பரவியது. அது புதிய செய்தியே அல்ல. 2021 மே மாதத்திலேயே இந்தியக் குழு, 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்ற கணக்கை வெளியிட்டிருந்தது. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வரும் பாதிப்பு அது, மூன்று வருடம் கழித்து வருவதல்ல. ஆனால் அன்று அதை உரக்கச் சொல்ல யாருமில்லாததால், இன்று மறைத்ததுபோல் ஆகிவிட்டது. அதே சமயம் சான்றிதழிலிருந்து பிரதமர் படம் மறைந்திருப்பதை மக்கள் கவனித்தார்கள். தேர்தல் நடத்தை விதி என்று அரசு விளக்கியது. நம்பியவர்கள் எத்தனை பேர்?

2025 ஜூலையில் கர்நாடக முதல்வர் சித்தராமையாவின் முறை. ஹாசன் மாவட்ட மாரடைப்பு மரணங்களுக்கு அவசரமாக அனுமதித்த தடுப்பூசியும் காரணமாக இருக்கலாம் என்றார். மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. 18 முதல் 45 வயதினரின் திடீர் மரணம் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 47 மருத்துவமனைகள் மூலம் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசியால் ஆபத்து கூடவில்லை, இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்திருக்கிறது என்றது. கோவிட்டால் மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்தது, அளவு மீறிய குடி, கடும் உடற்பயிற்சி ஆகியவைதான் அந்த ஆய்வு சுட்டிய காரணங்கள். சித்தராமையா அரசின் நிபுணர் குழுவும் தடுப்பூசியில் குற்றம் காணவில்லை.

1897-ல் பம்பாயில் பிளேக் ஊசியைக் கண்டுபிடித்த ஹாஃப்கின், அதை முதலில் தன் உடம்பில் போட்டுக்கொண்டார். அதே ஆண்டு புனேயில் பிளேக் அதிகாரி ராண்டின் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். ஜூனில் சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டார்கள். அந்த ஆண்டு பிறந்த தொற்றுநோய்ச் சட்டம்தான் 2020-ல் கோவிட்டுக்கும் கைகொடுத்தது. சட்டத்தைப் பத்திரமாகப் பாதுகாத்தோம், பாடத்தைத் தொலைத்தோம்.

அடுத்த தொற்று எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. அன்று தடுப்பூசி தயாரிக்கச் சில மாதங்கள் போதும். ஆனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒளிக்காமல் சொல்வது, விதியைத் தலைவர்களே முதலில் கடைப்பிடிப்பது, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவது ஆகிய மூன்றையும் அன்று தயாரிக்க முடியாது. இப்போதே செய்து வைத்தால்தான், சுகாதாரக் குழுவைக் கண்டு ஜனங்கள் ஆற்றைத் தேடி ஓடமாட்டார்கள்.