அப்பா அம்மாவோட சுகர், பிபி மாத்திரை: தள்ளுபடி தேடுறதுக்கு முன்னாடி இந்த லிஸ்ட்டைப் போடுங்க

சம்பளம் வந்த உடனே இஎம்ஐ போகுது, எஸ்ஐபி போகுது. அதுக்கு அடுத்து நிறைய வீடுகள்ல மாசம் தவறாம வர்ற செலவு, அப்பா அம்மாவோட சுகர், பிபி மாத்திரை. இதுல எப்படி மிச்சம் பிடிக்கலாம்னுதான் நாம முதல்ல யோசிப்போம். ஆப்ல தள்ளுபடி, ஜெனரிக் கடை, மூணு மாசத்துக்கு மொத்தமா வாங்குறதுன்னு வழி நிறைய இருக்கு, எல்லாமே நல்ல வழிதான்.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. அந்த மாத்திரை டப்பாவுக்குள்ள இருக்கிறதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதா? ஒரு தடவை லோ சுகர்ல மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா, வருஷக்கணக்கா தள்ளுபடியில சேர்த்தது ஒரே வாரத்துல போயிடும். கிட்னி பாதிச்சு டயாலிசிஸ்ல போய் நின்னா, அந்தச் செலவு வாழ்நாள் முழுக்கத் தொடரும். இதைத் தடுக்க ஆகுற செலவு ஒரு பேப்பர், ஒரு பேனா, ஒரு மணி நேரம்.

பிராண்ட் பேர் வேற, உள்ள இருக்கிற மருந்து ஒண்ணு

ஒரு உதாரணம் பார்ப்போம். அப்பா ரொம்ப நாளா 'கிளைக்கோமெட் ஜிபி 1' சாப்பிடுறார். அதுக்குள்ள ரெண்டு மருந்து இருக்கு: மெட்ஃபார்மின் 500 மி.கி., கிளிமிபிரைடு 1 மி.கி. நீங்க செலவைக் குறைக்க ஜெனரிக் கடையில இதே கலவையை வாங்கி அனுப்புறீங்க. அட்டையோட நிறம் வேற, பேரும் வேற. அப்பாவைப் பொறுத்தவரை இது டாக்டர் சேர்த்துக் கொடுத்த புது மாத்திரை. பழைய அட்டையை வீணாக்க மனசு வராம ரெண்டையும் போடுறார்.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து. டோஸ் ரெண்டு மடங்கானா சுகர் அபாயகரமா இறங்கும். இங்க மருந்துக்கடை தப்பு பண்ணல, டாக்டரும் தப்பு பண்ணல. பிராண்ட் மாறினதை வீட்டுல யாரும் விளக்கிச் சொல்லல, அவ்வளவுதான்.

பிபி மாத்திரையிலும் இதே கதைதான். 'டெல்மா ஹெச்'ல டெல்மிசார்டானோட நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கு. 'டெல்மா ஏஎம்'ல டெல்மிசார்டானோட அம்லோடிபின் இருக்கு. இதய டாக்டர் ஒண்ணை எழுதி, சுகர் டாக்டர் இன்னொண்ணை எழுதினா, டெல்மிசார்டான் ரெண்டு தடவை உள்ள போகும்.

கவனிக்க வேண்டிய கூட்டணிகள்

1. பிபி மாத்திரை + நீர் மாத்திரை + வலி மாத்திரை. டெல்மிசார்டான் மாதிரி மருந்தும் நீர் மாத்திரையும் சாப்பிடுறவங்க மூட்டு வலிக்குக் கடையில டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டா, மூணும் சேர்ந்து கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வெயில் காலத்துல, வயித்துப்போக்கு நேரத்துல ஆபத்து இன்னும் அதிகம். வலி மாத்திரை பிபியையும் ஏத்தும். வலிக்கு எது பாதுகாப்பானதுன்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வெச்சுக்கோங்க.

2. சுகர் மாத்திரை + சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மாத்திரை. சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் சுகரை ஏத்தவும் செய்யலாம், இறக்கவும் செய்யலாம். ஃபுளுகோனசோல் கிளிமிபிரைடோட வேகத்தைக் கூட்டும். இதெல்லாம் எழுதிக் கொடுக்கும்போது, "அம்மா கிளிமிபிரைடு சாப்பிடுறாங்க டாக்டர்"னு சொல்றது உங்க வேலை.

3. சுகர் மாத்திரை + பீட்டா பிளாக்கர். மெட்டோப்ரோலால், அட்டினோலால், ப்ரோப்ரனலால் வகை மாத்திரைகள் லோ சுகரோட எச்சரிக்கையை மறைச்சிடும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம் சரியா தெரியாது. வியர்வை மட்டும் தெரியும். திடீர்னு வியர்த்துக் கொட்டினா உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70-க்குக் கீழ இருந்து, அவங்களால விழுங்க முடிஞ்சா, மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. மயக்கமா இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

4. பிபி மாத்திரை + பொட்டாசியம். 'சோடியம் குறைவான உப்பு'ன்னு விக்கிற பல பாக்கெட்டுகள்ல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டானும் உடம்புல பொட்டாசியத்தைத் தக்க வைக்கும். கிட்னி ஏற்கனவே பலவீனமா இருந்தா இந்தச் சேர்க்கை இதயத் துடிப்பையே பாதிக்கலாம். அந்த உப்பை வாங்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க.

5. சளி மாத்திரை, ஸ்டீராய்டு. மூக்கடைப்புக்குன்னு கடையில வாங்குற சில மாத்திரைகள்ல இருக்கிற ஃபினைல்எஃப்ரின் பிபியை ஏத்தும். மூச்சிரைப்புக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை சுகரை ஏத்தும்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். அம்லோடிபின் சாப்பிடுற சிலருக்குக் கால் வீங்கும். அது மருந்தோட பக்கவிளைவுன்னு தெரியாம, வீக்கத்துக்குன்னு இன்னொரு நீர் மாத்திரை சேரும். ஒரு மாத்திரையைச் சமாளிக்க இன்னொரு மாத்திரை, பில்லும் ஏறிக்கிட்டே போகும். அதனால புதுசா ஏதாவது தொந்தரவு வந்தா, "இது ஏற்கனவே சாப்பிடுற மாத்திரையால வருமா?"ன்னு கேளுங்க.

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். இதைப் படிச்சிட்டு எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க. பிபி மாத்திரையைத் திடீர்னு நிறுத்துறதும் ஆபத்துதான். டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்கத்தான் இது.

அந்த ஒரு பக்க லிஸ்ட்

வீட்டுல இருக்கிற எல்லா அட்டையையும் மேசை மேல கொட்டுங்க. ஃப்ரிட்ஜ் மேல, சாமி அலமாரியில, கைப்பையில இருக்கிறதையும் சேர்த்து. ஒவ்வொண்ணுக்கும் இதை எழுதுங்க:

- மருந்தோட ஜெனரிக் பேர், எத்தனை மி.கி. (பிராண்ட் பேர் பக்கத்துல சின்னதா)
- எதுக்காக, எந்த டாக்டர் எழுதினது
- எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா
- கடையில தானா வாங்கினது, வைட்டமின், சித்தா, ஆயுர்வேத மருந்து, தினமும் குடிக்கிற பாகற்காய் ஜூஸ் வரைக்கும்

ஒரே ஜெனரிக் பேர் ரெண்டு வரியில வந்தா சிவப்பு மையில வட்டம் போடுங்க. லிஸ்ட்டை போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. ஒரு பிரதி அம்மா கைப்பையில இருக்கட்டும்.

அடுத்து, குடும்ப டாக்டரோ பொது மருத்துவரோ ஒருத்தர்கிட்ட மொத்த லிஸ்ட்டையும் காட்டுங்க. கூடவே கேளுங்க: வாந்தி, வயித்துப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாள்ல எந்த மாத்திரையைத் தள்ளிப் போடணும்? கிரியேட்டினின், பொட்டாசியம் டெஸ்ட் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை? மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிட்டா பி12 குறையலாம், அதைப் பார்க்கணுமா?

இப்போ மிச்சம் பிடிக்கலாம்

லிஸ்ட் கையில இருந்தா ஜெனரிக் கடைக்குப் போறது ரொம்ப சுலபம், ஏன்னா அங்க ஜெனரிக் பேர்லதான் மருந்து கிடைக்கும். மக்கள் மருந்தகங்கள்ல, அதாவது ஜன் அவுஷதி கடைகள்ல, விலை பிராண்டை விட 50 முதல் 80 சதவீதம் வரை குறைவுன்னு மத்திய அரசு சொல்லுது. தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரி 24-ல 1,000 முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டுச்சு. பெற்றோர் ஊர்ல இருந்தா, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே இலவசமா வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க.

ஒரே ஒரு விதி: பிராண்ட் மாத்துற அன்னிக்கே பழைய அட்டையை டப்பாவுல இருந்து எடுத்துடுங்க.

வரியையும் பார்த்துடுவோம். 60 வயசு தாண்டின பெற்றோருக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லைன்னா, அவங்களுக்காக நீங்க செய்யுற மருத்துவச் செலவை, மாத்திரை பில் உட்பட, வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிச்சுக்கலாம். 80டின்னு நமக்குப் பழகின சலுகை இது. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான், பணமும் ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. 20 சதவீத வரம்புல இருக்கிறவங்க முழு 50,000-ஐயும் காட்டினா செஸ் சேர்த்து 10,400 ரூபாய் மிச்சம். புதிய வரி முறையில இது கிடையாது.

புதுசா பாலிசி எடுக்கிறீங்கன்னா, சுகர், பிபியை மறைக்காதீங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல்ல இருந்து அதிகபட்சம் 36 மாசம்தான். மறைச்சா கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். பாலிசி ஃபார்ம் நிரப்பவும் இதே லிஸ்ட் உதவும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

வீட்டுல இருந்தா டப்பாவைக் கொட்டுங்க. வெளியூர்ல இருந்தா வீடியோ கால்ல ஒவ்வொரு அட்டையா கேமரா முன்னாடி காட்டச் சொல்லுங்க. "எதுக்கு இதெல்லாம்?"னு அப்பா சலிச்சுக்குவார். சலிச்சுக்கட்டும், பரவாயில்ல. அந்த அரை மணி நேரத்துல சிவப்பு வட்டம் ஒண்ணு விழுந்தாலும் போதும், அன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணிடுங்க.