மார்ச் 23: ஒரு தேதி, இரண்டு சேதி!

காலண்டரில் தீபாவளிக்கு வட்டம் போடுகிறோம், பொங்கலுக்குப் போடுகிறோம், பரீட்சைத் தேதிக்குப் பயந்துகொண்டே போடுகிறோம். மார்ச் 23-க்கு யாராவது போட்டதுண்டா? போட வேண்டிய தேதிங்க அது.

1893-ல் அந்த நாளில்தான் சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் ஜி.டி.நாயுடு பிறந்தார். பள்ளிப்படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். எதற்கு? ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்க! வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரு பஸ் விட்டார், டிரைவரும் அவரேதான். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். நம்மூர் பம்புசெட் தொழிலின் பழைய வேர்களில் அதுவும் ஒன்று.

இனி அதே தேதியின் இன்னொரு பக்கம். 1931 மார்ச் 23. நாயுடுவுக்கு 38 வயது நிறைந்த அன்று சாயந்திரம், லாகூர் சிறையில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரையும் தூக்கிலிட்டார்கள். மறுநாள் காலைக்குக் குறித்திருந்ததை அவசர அவசரமாக முந்தின நாளே முடித்துவிட்டார்கள். பகத்சிங்குக்கு வயது 23. நம்மில் பலருக்கு அண்ணன் வயசு!

லாகூர் எங்கே, கொங்குநாடு எங்கே என்று கேட்பீர்கள். ஈரோட்டில் 1925-ல் பிறந்த ஏடு ‘குடி அரசு’. தூக்குப் போட்ட ஆறாம் நாளே, மார்ச் 29 இதழில் பெரியார் பகத்சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதினார். வெறும் இரங்கல் இல்லை. பகத்சிங்கின் சமதர்மக் கொள்கைதான் நாட்டுக்கு வேண்டியது என்று வாதாடினார்.

பிறந்தநாளும் நினைவுநாளும் ஒன்றாக வந்தால் எதை வைத்துக்கொள்வது? சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா பிறந்ததும் இதே தேதியில்தான், 1910-ல். தியாகிகள் உயிர்விட்ட நாள் என்று தன் பிறந்தநாளைக் கொண்டாட மாட்டார். பெரிய மனசுதான். ஆனால் நமக்கு இரண்டும் வேண்டும் என்பேன்.

காரணம், நாயுடு நம்ம ஆளு. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரப் பின்னால் நின்றவர் அவர். தடாகம் ரோட்டிலுள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆரம்பம் அதுதான். முதல்வராக உட்கார்ந்தவர், “நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டே வருஷம் போதும்” என்ற கட்சி. வெள்ளைக்கார அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நாற்காலியை விட்டுவிட்டு வந்துவிட்டார்! இரண்டு வருஷத்தில் எல்லாம் முடியுமா? கணக்கும் தியரியும் அவ்வளவு சீக்கிரம் ஏறாது என்பது என் எண்ணம். ஆனாலும் ஸ்பேனர் பிடிக்காமல் நாலு வருஷம் படிப்பதைவிட, “டிப்ளமோ மட்டும்தானா?” என்று கேட்கப்படும் நம் பாடு மேல் என்று அவர் சொல்லியிருப்பாரோ, என்னவோ. சுதந்திரத்துக்குப் பிறகும் அவர் பாடு ஓயவில்லை. 1952-ல் இரண்டு பேர் போகிற கார், விலை 2,000 ரூபாய் என்று செய்து காட்டினார். லைசென்ஸ் கிடைக்கவில்லை, கார் நின்றுபோனது.

1974-ல் அவர் மறைந்தார். 2025-ல் திறந்த அவினாசி ரோடு மேம்பாலத்துக்கு அவர் பெயர். பாலத்தில் போகிறவர்கள் பெயரைப் படிக்கிறார்கள், சரி. நாம் என்ன செய்யலாம்? வருகிற மார்ச் 23 காலையில் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய இன்ஜினைக் கழற்றிப் பூட்டும் போட்டி. சாயந்திரம் லாகூர் மூவருக்கும் ஒரு கூட்டம். செலவு அதிகம் ஆகாதுங்க. யூனியன் செயலாளர் கவனிக்கட்டும்!