மயிரிழைக்கும் கீழே ஈர்ப்பு

முழமும் சாணும் மனித உடம்பிலிருந்து வந்தவை. மீட்டர், பூமியின் சுற்றளவைக் கொண்டு வகுத்தது. எந்த உடம்பையும் எந்தக் கோளையும் சாராத ஒரு நீளத்தை 1899இல் மாக்ஸ் பிளாங்க் கண்டார். ஒளியின் வேகம், நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி, பின்னாளில் அவர் பெயரையே பெற்ற மாறிலி ஆகிய மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது அது: பிளாங்க் நீளம், இன்றைய வரையறைப்படி சுமார் 1.6 × 10⁻³⁵ மீட்டர்.

அந்த எண் ஏன் முக்கியம்? மிகச் சிறிய இடத்தைப் பார்க்க மிகுந்த ஆற்றலை அங்கே குவிக்க வேண்டும். ஆற்றலுக்கும் ஈர்ப்பு உண்டு. பிளாங்க் நீளத்தை நெருங்கும்போது, பார்ப்பதற்காகக் குவித்த ஆற்றலே கருந்துளையாகிப் பார்க்க வேண்டியதை விழுங்கிவிடும். அதற்குக் கீழே 'இடம்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா என்பதே சந்தேகம். ஈர்ப்பு இப்படி அளவீட்டுக்கே எல்லை போடும் என்பதை 1930களின் நடுவில் முதலில் உணர்ந்தவர் சோவியத் இயற்பியலாளர் மட்வேய் பிரான்ஸ்டைன். ஸ்டாலின் ஆட்சி 1938இல் அவரைச் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 31. இயற்பியல் இழந்தது எவ்வளவு என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

சரி, ஈர்ப்பை எவ்வளவு சிறிய தூரம் வரை அளந்திருக்கிறோம்? வியப்பு இங்கேதான். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட சோதனையில் நெருங்கிய தூரம் 52 மைக்ரோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். மெல்லிய பிளாட்டினத் தகட்டை இழையில் தொங்கவிட்டு, கீழே இன்னொன்றைச் சுழற்றி, நுண்ணிய முறுக்கத்தை அளந்தார்கள். ஈர்ப்பு அத்தனை பலவீனமானது. சிறு மின்னூட்டம் மிஞ்சினாலும் அதை மூழ்கடித்துவிடும். ஆகவே நடுவே ஓர் உலோகச் சவ்வு. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்ற நியூட்டனின் விதி அங்கும் பிசகவில்லை.

பிசகியிருந்தால்? வெளிக்கு மூன்றுக்கு மேலும் பரிமாணங்கள் இருந்து, அவை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருண்டிருக்கலாம் என 1998இல் ஒரு கருதுகோள் எழுந்தது. அப்படியானால் அந்தத் தூரத்துக்குள் ஈர்ப்பு இன்னும் வேகமாக வலுக்கும். இதுவரை அதற்கான தடயம் இல்லை. ஆனால் 52 மைக்ரோமீட்டருக்கும் பிளாங்க் நீளத்துக்கும் நடுவே முப்பது பத்தடுக்குகள், அதாவது ஒன்றுக்குப் பின் முப்பது சுழியங்கள் அளவு இடைவெளி கிடக்கிறது. அங்கே ஈர்ப்பை எவரும் நேரடியாக அளந்ததில்லை.